இளவரசி யாரையும் சாப்பிடச் சொன்னதில்லை

அந்த விண்வெளிப் படத்தின் இளவரசிக்கு அக்கா குரல் கொடுத்தபோது, நான் டப்பிங் கூடத்தில் ஒலிப்பதிவு உதவியாளனாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் அவள். அதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் அலறுகிற பெண், அலுவலகத்தில் போன் எடுக்கிற பெண், சோப்பு விளம்பரத்தில் துணியைப் பார்த்து வாய் பிளக்கிற பெண், அவ்வளவுதான். வெளிநாட்டுப் படம், நம் மொழியில் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. பேர்போன குரல்காரிகள் யாரும் வரவில்லை. இருக்கிறவளை வைத்து முடி என்றார் முதலாளி. இருக்கிறவள் அக்கா.

கதை இதுதான். கிரகங்களுக்கிடையே போர். இயந்திரப் படை ஒரு கிரகத்தையே பொசுக்கிவிடுகிறது. தப்பித்த இளவரசி தலையில் ஒரு பாதியை மழித்துக்கொண்டு, சாம்பல் நிறப் போர்வையை இடது தோளில் முடிந்துகொண்டு, மிச்சமிருக்கிற மனிதர்களைத் திரட்டுகிறாள். ஓரிடத்தில் தளபதி, 'எல்லாம் முடிந்துவிட்டது இளவரசி' என்கிறான். அவள் முதுகைக் காட்டி நின்றபடியே பதில் சொல்கிறாள்: 'என் கிரகம் அழிந்துவிட்டது. நான் அழியவில்லை.'

“கத்தும்மா. தியேட்டர் கூரை பிச்சுக்கணும்,” என்றார் டப்பிங் டைரக்டர்.

அக்கா கத்திப் பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்தினாள்.

“சார், இவ கோவத்துல இல்ல. அலுத்துப் போயிருக்கா. எத்தனை நாளா தூங்காம அலையறா. கத்தத் தெம்பு ஏது?”

“அவ இளவரசிம்மா.”

“இளவரசின்னா தூக்கம் வராதா சார்?”

முகம் தெரியாத காட்சி. உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டிய கவலை இல்லை. உன் இஷ்டத்துக்கு ஒரு தரம் சொல், தேறாவிட்டால் பார்க்கலாம் என்று விட்டார். அக்கா மெதுவாகச் சொன்னாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொள்கிறவள் மாதிரி இருந்தது. டைரக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம்.

அன்று முதல் கூடத்தில் அவளுக்கு இளவரசி என்றே பேர் விழுந்தது. நான் மட்டும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

படம் ஓட்டமான ஓட்டம் ஓடியது. பெரிய தியேட்டர் ஒன்றில் அதை மாதக்கணக்கில் ஓட்டிய புரொஜெக்டர்காரர் ஒருநாள் எங்கள் கூடத்துக்கு வந்தார். ஒரு ரீலில் ஒலி இரைகிறது, கேட்டுச் சொல்லுங்கள் என்று தகரப் பெட்டியும் கையுமாக நின்றார். நான் பெட்டியை வாங்கும்போது உள்ளேயிருந்து, “டீ சொல்லியாச்சா இல்லையா? தொண்டை காஞ்சு போச்சு!” என்று ஒரு குரல் வந்தது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு நாளைக்கு நாலு காட்சி அந்தக் குரலைக் கேட்டவர். அது டீ கேட்டு அவர் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ரீலில் ஒரு கோளாறும் இல்லாமலே வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். “என்ன சார், உங்க தியேட்டர்ல எல்லா ரீலும் சொத்தையா?” என்று அக்காவே கேட்டுவிட்டாள். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் முடிந்தது. அவர் எனக்கு மாமா ஆனார், நான் அவருக்கு மாப்ளே. ஒரே மகள் பிறந்தாள். அடுத்தடுத்து இளவரசியின் படங்கள் இன்னும் இரண்டு வந்தன. இரண்டுக்கும் அக்காதான் பேசினாள்.

அந்த வசனம் மெல்ல மெல்லப் படத்தை விட்டு வெளியே இறங்கிவிட்டது. மில் வாசலில் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் இடது தோளில் சாம்பல் துணியை முடிந்துகொண்டு அதைச் சொன்னார்கள். வெள்ளத்தில் போன வீட்டின் மிச்சச் சுவரில் யாரோ கரியால் எழுதி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் பாதித் தலையை மழித்துக்கொண்டு வந்து அம்மாக்களிடம் அடி வாங்கினார்கள். விவாகரத்து ஆன பெண்கள் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். படம் பார்க்காத தலைமுறை பிறந்து, அவர்களும் அதைச் சொன்னார்கள். சொன்ன அத்தனை பேரும் அந்த மெதுவான, அலுத்த தொனியிலேயே சொன்னார்கள். மூலப் படத்தில் அந்த நடிகை கத்தித்தான் சொல்வாள் என்பது எங்கள் கூடத்துக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது.

படம் முடிந்து ஓடுகிற பேர்வரிசையில் அக்காவின் பேர் கிடையாது. அவளுக்கும் அது பெரிய விஷயமாக இல்லை. போனில் யாராவது, “மேடம், உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே” என்றால், “எல்லாருக்கும் ஒரே தொண்டைதானப்பா” என்று வைத்துவிடுவாள். மகள் மட்டும் விடமாட்டாள். அக்கா திட்டினால் முதுகைக் காட்டி நின்று, “என் பாத்திரம் கழுவப்படவில்லை. நான் கழுவப்போவதுமில்லை” என்பாள். மாமா சிரித்துச் சிரித்து இருமுவார்.

மகள் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். தியேட்டரை இடித்துக் கடைகள் கட்டினார்கள். மாமா வீட்டோடு இருந்தார். அக்கா அப்போதும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கூடத்துக்கு வந்து, தொடர்களில் மாமியார்களுக்குக் குரல் கொடுத்தாள்.

அப்போதுதான் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் சளி என்றாள். பிறகு வயசு என்றாள். ஏறக்குறைய ஒரு வருஷம் வெந்நீரும் மாத்திரையுமாக இழுத்தடித்தாள். வேலைக்கு வருவது நின்றது. நான்தான் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வரச்சொன்ன நாளில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

“குரல்வளையை எடுத்தாகணும்மா. எடுத்துட்டா உசுருக்கு ஆபத்தில்ல. மூச்சு கழுத்துல போடுற துளை வழியா போகும்.”

“பேச்சு?” என்றாள் அக்கா. சொரசொரத்த குரலில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

“அது வராதும்மா. வேற வழிகள் இருக்கு. பழகிக்கலாம்.”

அந்த அறையைவிட்டு வெளியே வந்தால் நடைவழிச் சுவரில் இளவரசியின் படம். சாம்பல் போர்வை, பாதித் தலை, கீழே அந்த வசனம். புற்றுநோய் வார்டு நர்ஸுகள் தங்கள் செலவில் ஒட்டியதாம். நோயாளிகளுக்குத் தைரியம் வருமாம். அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

இதற்குள் மாமாவுக்கும் மறதி ஆரம்பித்திருந்தது. கண்ணாடியை எங்கேயோ வைப்பது, பால் வாங்கப் போய்த் தெரு மாறி நிற்பது என்று சில்லறையாகத்தான் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம் முழுக்க அக்கா அவரோடு உட்கார்ந்து பேசினாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்க மறக்கக் கூடாது, மாத்திரை எந்த டப்பா, கதவை யார் தட்டினாலும் உடனே திறக்கக் கூடாது. ஊருக்குப் போகிறவள் சொல்லிவிட்டுப் போவது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். கடைசியில், “உனக்குத் தொண்டை சரியில்ல போல. குறைச்சுப் பேசு,” என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையும் அதன்மேல் மெல்லிய துணியுமாக அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவாள். கொஞ்ச நாள் அது போதுமானதாக இருந்தது. அப்புறம் மாமாவுக்கு எழுத்து போய்விட்டது. பலகையைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தெருவின் பேர், கிழமையின் பேர் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒருநாள் காலை அக்கா டீயைக் கொண்டுபோய் நீட்டியபோது அவர் மரியாதையாக எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப நன்றி நர்ஸம்மா. என் வீட்டுக்காரி எப்ப வருவா?”

அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். அவர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்கம்மா. நான் கல்யாணமானவன்,” என்றார்.

இதை அவள் பலகையில் எழுதி எனக்குக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சத்தமில்லாமல் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று எனக்குப் புரிந்தது.

முகம் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. அவர் மனைவியை அடையாளம் கண்டது எப்போதும் காதால்தான். மகள் செல்போனில் தேடி, அக்கா பேசின பழைய வீடியோக்கள் சிலவற்றை அனுப்பினாள். எல்லாம் குரல் கம்மிய அந்தக் கடைசி வருஷத்தில் எடுத்தவை. மாமா கேட்டுவிட்டு, “யாரு இந்தப் பாட்டி?” என்றார். அதற்கு முந்தைய வீடியோக்கள் இருந்த போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் இளவரசியின் முதல் படம் போட்டார்கள். நான் அங்கே இருந்தேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். டிவியில் இளவரசி வாய் திறந்ததும் சட்டென்று நிமிர்ந்தார். முகமே மாறிப்போயிற்று.

“வந்துட்டியா? எங்க போன இவ்வளவு நாளா?”

இளவரசி விண்கலத்தைத் திருப்பச் சொன்னாள்.

“சரி சரி, கோவிச்சுக்காத. நான் கிளம்பிட்டேன்,” என்று செருப்பைத் தேடினார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “நர்ஸம்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம். அவ வந்துட்டா. பாவம், உங்களுக்கும் குடும்பம் இருக்குமில்ல,” என்றார்.

அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

அதன் பிறகு அந்த மூன்று படங்களும் அந்த வீட்டில் ஓயவில்லை. அவளே போட்டு விடுவாள். அவர் சாந்தமாக இருப்பார். டிவியோடு பேசுவார், சண்டை போடுவார், சமாதானமாவார். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் அவளுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் பேச்சு வரும். வருகிறது பேச்சுத்தான், ஆனால் ஏற்ற இறக்கமில்லாமல் தகரத்தில் வண்டு இரைகிற மாதிரி இருக்கும். ஒரு மாதம் தனியாக உட்கார்ந்து பழகினாள். என்னிடம்தான் முதலில் பேசிக் காட்டினாள்.

“நல்லா இருக்காடா?”

“நல்லா இருக்குக்கா. தெளிவா புரியுது.”

“பொய் சொல்லாத.”

அன்று சாயந்தரம் மாமாவின் முன்னால் மண்டியிட்டு, கருவியைக் கழுத்தில் வைத்து, “ஏங்க, நான்தாங்க,” என்றாள்.

மாமா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அந்தப் படங்களில் கிரகத்தைப் பொசுக்கிய இயந்திரப் படை இருக்கிறதே, அந்தச் சிப்பாய்கள் இப்படியேதான் பேசுவார்கள். சின்ன வயதில் நானும் இன்னும் இரண்டு பேரும் வாயில் குழாய் வைத்து அந்தக் குரலைப் பதிவு செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா வாரத்துக்குப் பத்துத் தடவை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

“அவ இங்க இல்ல! அவளை விட்டுடுங்க! எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது!” என்று கத்தினார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டார். வேட்டி நனைந்துவிட்டது. மனைவியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று மனைவியிடமே கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா கருவியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூடத்தில் மூன்று படங்களின் பேச்சும் தனித்தனியாக, பின்னணி இசை இல்லாமல், பத்திரமாக இருந்தது. தொடர்களில் அவள் பேசியதெல்லாம் மாமியார்களுக்காக மாற்றிக்கொண்ட குரல், அது உதவாது. வேண்டிய சொற்களை வெட்டி ஒட்டினால் வீட்டுப் பேச்சாக ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அக்காவிடம் சொன்னதும் அவள் பலகையில் வேண்டிய சொற்களை எழுதினாள். ஏங்க. சாப்பிடுங்க. மாத்திரை. குளிக்கலாம் வாங்க. தூங்குங்க. நான்தான்.

வேலை முடிந்த பிறகு மிச்ச நேரமெல்லாம் தேடினேன். இளவரசி மூன்று படங்களில் என்னென்னவோ பேசியிருக்கிறாள். தாக்குங்கள் என்கிறாள். பின்வாங்காதீர்கள் என்கிறாள். நட்சத்திரங்களின் பேரில் ஆணையிடுகிறாள். ஆனால் ஒரே ஒரு தடவைகூட யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை. குளி என்றோ தூங்கு என்றோ சொன்னதில்லை. யாரையும் ஏங்க என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு எல்லோரும் ‘நீ’தான், இல்லையென்றால் ‘வீரர்களே’. அதுவும் பேச்சு மொழியில்லை. மேடையில் நின்று பேசுகிற மொழி. அந்தக் காலத்தில் டப்பிங் வசனத்தை அப்படித்தான் எழுதினோம்.

கடைசியில் தேறியது மூன்றே துண்டுகள். ‘நான்தான்.’ ‘பயப்படாதே.’ ‘வா, போகலாம்.’ ‘சாப்பிடு’ என்பதை ‘சாம்பல்’, ‘பின்’, ‘விடு’ என்ற சொற்களிலிருந்து எழுத்தெழுத்தாக அறுத்து ஒட்டிப் பார்த்தேன். விக்கல் எடுக்கிற மாதிரி வந்தது. அழித்துவிட்டேன்.

ஒரு சின்ன ஒலிபெருக்கியில் அந்தத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா தட்டில் சாப்பாடு வைத்து மாமாவின் எதிரில் உட்கார்ந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

‘நான்தான். பயப்படாதே.’

மாமா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியை எடுத்துப் பின்பக்கம் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்தார். கதவைத் திறந்து மாடிப்படியில் எட்டிப் பார்த்தார்.

“எங்க இருக்க? உள்ள வாயேன். ஏன் ஒளிஞ்சுக்கிட்டே பேசற?” திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, அவளுக்கு என் மேல ஏதோ கோவம். பக்கத்துல இருந்துகிட்டே வரமாட்டேங்கறா. நீ ஒரு வார்த்தை சொல்லேன்.”

அக்கா கையில் உருட்டிய கவளத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

இளவரசியின் முதல் படம் வந்து இத்தனை வருஷம் ஆனதைக் கொண்டாட விழா என்று பட நிறுவனத்தின் இங்குள்ள கிளையிலிருந்து எனக்குப் போன் வந்தது. குரல் கொடுத்தவரைத் தேடிப் பிடித்திருக்கிறோம், கௌரவிக்கப் போகிறோம் என்றார்கள். அக்காவுக்குக் குரல் போன விவரத்தைச் சொன்னேன். அச்சச்சோ என்று வருத்தப்பட்டார்கள். மேடையில் நிகழ்ச்சியைத் தொகுக்கிறவருக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

அரங்கம் நிறையச் சாம்பல் போர்வை. பாதித் தலை மழித்த கிழவிகள்கூட வந்திருந்தார்கள். அக்கா கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மேடையேறினாள். எழுந்து நின்று கைதட்டினார்கள். தொகுப்பாளர் மைக்கை அவள் வாயருகே கொண்டுபோனார்.

“அம்மா, ஒரே ஒரு தடவை. எங்களுக்காக!”

அக்கா கையை அசைத்தாள். அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். கூட்டம் ஓவென்றது. அவள் துப்பட்டாவை விலக்கித் துளையைக் காட்டப் போனாள் என்று நினைக்கிறேன். கை பாதியில் நின்றுவிட்டது. “பாருங்க, அம்மாவுக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு!” என்றார் தொகுப்பாளர். அவ்வளவுதான், அரங்கம் முழுக்க அவள் தொனியிலேயே, மெதுவாக, அலுப்போடு, அந்த வசனத்தை அவளுக்குச் சொல்லிக் காட்டியது. நிறையப் பேர் அழுதார்கள். அக்கா நடுவில் நின்றாள். அத்தனை வாயிலும் அவள் குரல்.

மேடைக்குப் பின்னால் நிறுவனத்தின் அதிகாரி வந்தாள். இளம்பெண். அக்காவைப் பார்த்ததும் கண் கலங்கி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எங்க அம்மா எங்களை விட்டுட்டுப் போனப்ப உங்க குரல்தாம்மா என்னைக் காப்பாத்துச்சு,” என்றாள். அது பொய்யில்லை. புதுப் படம் ஒன்று வருகிறது என்றும், பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசவைக்கிற மென்பொருள் தயாராகிவிட்டது என்றும் ஆசையாகச் சொன்னாள்.

நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். “அந்த மென்பொருளை அக்கா போன்ல போட்டுக் குடுத்தா போதும்மா. அவங்க எழுதினதை அது பேசும். வீட்டுக்குள்ளதான். வேற எதுக்கும் இல்ல.”

அவள் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. “எனக்குக் குடுக்கணும்னுதான் இருக்கு சார். மேல கேக்கறேன். ஆனா…” கொஞ்சம் தயங்கினாள். “அது சட்டப்படி அம்மாவோட குரல் இல்ல சார். இளவரசியோட குரல்.”

அக்கா பலகையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் அக்காவோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

மேலே கேட்டிருப்பாள். நல்ல பெண். இரண்டு முறை போன் செய்து இன்னும் பதில் வரவில்லை என்றாள். மூன்றாம் முறை நான் கூப்பிட்டபோது வேலை மாறிப் போய்விட்டிருந்தாள். அவளிடத்தில் இருந்தவருக்கு விஷயமே தெரியவில்லை.

மாமா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். பசியில்லாமல் இல்லை. “அவ வரட்டும். சேர்ந்து சாப்பிடறோம். நீங்க வெச்சிட்டுப் போங்க நர்ஸம்மா,” என்பார். அக்கா தட்டோடு உட்கார்ந்திருப்பாள். சில நாள் ஏமாற்றி இரண்டு வாய் ஊட்டிவிடுவாள். சில நாள் அவர் வாயை இறுக்கிக்கொள்வார். சாப்பாடு போக டாக்டர் மூக்கில் குழாய் போட்டார். மாமா பிடுங்கிப் போட்டார்.

கடைசி வாரத்தில் நான் போயிருந்தபோது அவர் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். அக்கா ஈரத் துணியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்:

“மாப்ளே, இந்த நர்ஸம்மா தங்கமானவங்க. பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கறாங்க. பேசத்தான் மாட்டாங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ வந்ததும் சொல்லு, இவங்களுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் குடுக்கணும்னு.”

காதோடு என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கேட்டது. அக்கா துணியைப் பிழிந்து, அடுத்த காலைத் துடைத்தாள்.

புதுப் படத்தின் விளம்பரம் எல்லா இடத்திலும் ஓட ஆரம்பித்த வாரம்தான் அவர் போனார். மத்தியான வேளை. அக்காவால் சத்தம் போட்டு யாரையும் கூப்பிட முடியவில்லை. போனில் என்னை அழைத்துவிட்டு மூச்சை மட்டும் விட்டாள். துளை வழியாக வந்த அந்தக் காற்றைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். புதிதாகக் குடிவந்த ஒருத்தி வாசலில் இன்னொருத்தியிடம், “கட்டினவன் செத்துக் கிடக்கான், ஒரு சத்தம் வருதா பாரு. என்ன மனசோ,” என்றாள்.

மகள் வந்தாள். கருமாதி முடிந்து வீட்டைக் காலி செய்து, அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். இனிமேல் பயப்பட ஆளில்லை, கருவியை எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். அக்கா பலகையில் எழுதினாள்: ‘யார்கிட்ட பேச?’ உடனே மகள் பார்த்துவிடுவாளோ என்று கையால் அழித்தாள்.

பஸ் நிலையத்துக்கு நான் போயிருந்தேன். மகள் மூட்டைகளை ஏற்றப் பின்பக்கம் போனாள். அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைக்காரி, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக்கொடுத்தாள். அக்கா கழுத்தைத் தொட்டுக்காட்டிக் கையை விரித்தாள். அந்த அம்மாளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் பேச முடியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. குனிந்து, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

“தனியாவா போறீங்க? வீட்டுக்காரர் வரலையா?”

அக்கா, வரவில்லை என்று தலையாட்டினாள்.

“அப்புறமா வருவாரா?”

அக்கா வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினாள். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.